குருபோங்கில் நான் இருந்த பதினைந்து நிமிடம்

எங்கள் கணினிப் பிரிவின் நடைமுறைத் தாளில் கடைசி வரி இப்படி இருக்கும்: ‘இணைப்பை முடித்ததும் மையத்துக்குப் போன் செய்யவும். அங்குள்ள மிஸ்ஸியைத் தம் கையால் ஏதாவதொரு விசையை அழுத்தச் சொல்லவும். அழுத்திவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.’ எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்போம்.

போன மாதம் கவிதா கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்ப்பவர்.

“அக்கா, புது சிஸ்டம் வருது. நடைமுறையெல்லாம் திருப்பி எழுதுறோம். இந்தக் கடைசி வரி எதுக்குன்னு இங்க யாருக்குமே தெரியல லா. எடுத்துடலாமா?”

“எடுத்துடுங்க. இப்ப அது தேவையில்ல,” என்றேன். “ஆனா எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. எழுதி அனுப்புறேன்.”

ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நான் மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, மறு வருடம் பிறந்தவள். பதினெட்டு வயதில் மலாக்காவில், பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, இருபத்துமூன்று வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எல்லோரையும்விட நான்தான் மூத்தவள். அதற்குப் பிறகு காஜா பேராங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த அறவாரிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ரத்தச் சுத்திகரிப்பு செய்யும் மையங்களை அந்த அறவாரியம் நடத்திவந்தது. புக்கிட் பாருவில் ஒன்று, செமாபோக்கில் ஒன்று, குருபோங்கில் ஒன்று, ஜாசின் பக்கம் ஒன்று. நான்கு மையத்திலும் உள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் இரண்டே பேர். மீனாட்சியும் நானும்.

மீனாட்சிதான் எனக்கு மேலதிகாரி. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், செட்டிக் கம்போங் என்ற குடியிருப்பில் வீடு. பெயர் மீனாட்சி, நெற்றியில் திருநீறு, வீட்டில் சாமி படம் எல்லாம் உண்டு. தமிழ் மட்டும் வராது. பல நூற்றாண்டுக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அதில் அங்கங்கே தமிழ்ச் சொல் வந்து விழும். அப்படி அவருக்குத் தெரிந்த சொற்களில் ‘அக்கா’ ஒன்று. முதல் நாளே என்னை அக்கா என்றார். “மேடம்” என்று நான் கூப்பிட்டதற்கு முகம் சுளித்து, “மீனா போதும்,” என்றார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் என் வேலை பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் நடந்தது. செமாபோக்கில் பிரிண்டர் ஓடவில்லை என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பிரிண்டரை நிறுத்தி வைத்திருக்கும் ஒரு சின்னக் கட்டத்தில் குறி விழுந்திருக்கும். அதை எடுத்துவிட அரை நிமிடம். அங்கிருந்து குருபோங், அங்கிருந்து ஜாசின். மழைக்காலத்தில் உடம்பு முழுக்க நனைந்து, மையத்துக்குள் போவதற்கு முன் வாசலிலேயே கால் சட்டையைப் பிழிந்துகொண்டு நிற்பேன். நான் வரும்வரை அந்த மிஸ்ஸிகள் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மீனா தன் திரையைக் காட்டி, “இது எந்த ஊருன்னு சொல்லுங்க அக்கா,” என்றார். திரையில் செமாபோக் மையத்தின் கணினி தெரிந்தது. அங்கே யாரோ தட்டிக்கொண்டிருந்த எழுத்துகள் எங்கள் கண்முன் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன். காஜா பேராங்கில் உட்கார்ந்துகொண்டு செமாபோக்கின் திரையைப் பார்க்கலாம், மவுஸை நகர்த்தலாம், தட்டச்சு செய்யலாம். அதற்கான மென்பொருள் அது.

“என்ன விலை?”

“விலை இல்ல.”

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் இருந்தவள் நான். சும்மா கிடைக்கும் பொருளைத் தரம் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். மீனா சிரித்துவிட்டு இன்னொரு சாளரத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாக எழுத்துகள் ஓடின. அந்த மென்பொருளை எழுதியவர்கள் எழுதிய வரிகளே அவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. உச்சரிக்கவே தெரியாத பெயர்கள்.

“இவங்களுக்கெல்லாம் யாரு சம்பளம் கொடுக்கிறா?”

“சில பேருக்கு அவங்க கம்பெனி. பல பேருக்கு யாரும் இல்ல. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து எழுதுறாங்க.”

அந்தப் பட்டியலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

முதல் வாரமே ஒரு தவறு செய்தேன். செமாபோக்கில் எதையோ சரிபார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் மவுஸை நகர்த்திவிட்டேன். அங்கே கணினி முன் இருந்தவர் மிஸ்ஸி ரொஹானா. தானாக அம்புக்குறி நடப்பதைப் பார்த்ததும், “ஹந்து!” என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடி, தண்ணீர் ஜாடியைத் தட்டிவிட்டார். நோயாளிகள் பேய் என்றதும் பயந்து, அப்புறம் சிரித்து, அந்த மையமே இரண்டு நாள் அதையே பேசியது. நானும் சிரித்துக்கொண்டே மீனாவிடம் சொன்னேன். மீனா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “வாங்க,” என்று செமாபோக்குக்கு அழைத்துப் போனார். ரொஹானாவின் முன்னால் நின்று, “கதவைத் தட்டாம வந்துட்டோம். மன்னிச்சுக்குங்க,” என்றார்.

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: “அக்கா, அது அவங்க மேசை. நாம அங்க விருந்தாளி.”

அன்று எழுதியதுதான் அந்த நடைமுறைத் தாளின் முதல் வடிவம். இணைப்பதற்கு முன் போன் செய்ய வேண்டும். யார் பேசுவது என்று பெயரைக் கேட்க வேண்டும். என்ன வேலையாக வருகிறோம் என்று சொல்ல வேண்டும். நோயாளியின் பக்கம் எதுவும் திறந்திருந்தால் அதை அவர்களே மூடும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் திரையில் ‘அனுமதிக்கவா?’ என்று ஒரு கட்டம் வரும். அவர்கள் ‘ஆம்’ என்று அழுத்தினால்தான் நமக்கு உள்ளே வழி. உள்ளே போன பிறகு வாயை மூடிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. “இப்ப மேல இருக்கிற பட்டியலைத் திறக்கிறேன், இப்ப கீழ போறேன்,” என்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மீனா இதில் கறார். நான் பேசாமல் இரண்டு முறை சொடுக்கினால் பக்கத்து மேசையிலிருந்து தொண்டையைக் கனைப்பார்.

இப்படியே மூன்று வருடம் நன்றாகப் போனது. மிஸ்ஸிகளுக்கு என் குரல் பழகிவிட்டது. “அஞ்சலக்கா, வாங்க வாங்க, உள்ள வாங்க,” என்று சொல்லிக்கொண்டே ‘ஆம்’ அழுத்துவார்கள்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த வாரம். புதன்கிழமை பிற்பகல். குருபோங் மையத்தின் தலைமை மிஸ்ஸி தமயந்தி கூப்பிட்டார். என் வயதுக்காரர், அரசாங்க மருத்துவமனையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்தவர். கையிருப்புப் பட்டியலில் ஏதோ இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, பாருங்கள் என்றார். நடைமுறைப்படி எல்லாம் செய்து உள்ளே போனேன். நீண்ட பட்டியல். கீழ்நோக்கும் அம்பு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். வெளியே வானம் கறுத்து, ஒரு பெரிய இடி இடித்தது. திரை அப்படியே உறைந்து நின்றது. விசையிலிருந்து கையை எடுத்தேன். சிறிது நேரத்தில் ‘இணைப்பு அறுந்தது’ என்று எங்கள் திரையில் வந்தது.

“மிஸ்ஸி, இன்டர்நெட் லைன் போயிடுச்சு. மழை விட்டதும் பாக்குறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க,” என்று கைப்பேசியில் சொன்னேன்.

“சரி லா. நாலு மணி ஷிப்ட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க,” என்று அவரும் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது.

ரத்தச் சுத்திகரிப்புக்கு வரும் ஒவ்வொருவருக்கும் உலர் எடை என்று ஒன்று உண்டு. உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு அவர் இருக்க வேண்டிய எடை அது. வந்தவுடன் எடை பார்ப்பார்கள். உலர் எடையை அதிலிருந்து கழித்து, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று கணினி ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்து இயந்திரத்தை அமைப்பார்கள். ஆறுமுகம் என்பவர், மணல் லாரி ஓட்டியவர், அறுபத்து நான்கு கிலோ இருந்தார். அவருடைய உலர் எடை அறுபத்தொன்றரை. இரண்டரை கிலோ எடுத்திருக்க வேண்டும். சீட்டில் நான்கு கிலோ என்று வந்திருந்தது. தீபாவளி வாரத்தில் எல்லோரும் பலகாரமும் குளிர்பானமுமாக எடை ஏறித்தான் வந்தார்கள். நான்கு கிலோ யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஒரு மிஸ்ஸி விடுப்பில் இருந்ததால், வழக்கமாகக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டாவது ஆளும் அன்று இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில் ஆறுமுகத்துக்குக் காலில் தசை இறுக்கிப் பிடித்தது. பிறகு வியர்த்துக் கொட்டி, கண் செருகிவிட்டது. தமயந்தி ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்து, நீர் எடுப்பதை நிறுத்தி, உப்புநீரை ஏற்றி, ஆம்புலன்சுக்குச் சொல்லி, அவர் கண் திறக்கும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆளைக் காப்பாற்றிய பிறகு, கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். தாளில் அறுபத்தொன்றரை. கணினியில் அறுபது. அதை மறைக்காமல் அன்றே தலைவருக்குத் தெரிவித்தவரும் அவர்தான்.

அறவாரியத் தலைவர், டத்தோ பட்டம் பெற்றவர், எங்கள் பதிவேட்டைக் கேட்டார். யார் எப்போது இணைந்தார், எப்போது முடித்தார் என்று எங்கள் கணினி தானே எழுதி வைக்கும். என் இணைப்பு நான்கு பத்துக்கு அறுந்தது. ஆறுமுகத்தின் எடை மாறியது நான்கு பதினாறுக்கு, தமயந்தி அவருடைய பக்கத்தைத் திறந்திருந்த நேரத்தில். தலைவர், “அப்ப இது தெளிவு. மிஸ்ஸி கை பட்டிருக்கு,” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அடுத்த நிமிடமே தமயந்தியின் முகம் நினைவுக்கு வந்து கூசியது. இரண்டும் நடந்தன, இறங்கியது முதலில் நடந்தது.

தலைவரைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்ததும் மீனாவிடம், “நல்ல வேளை, பதிவேடு இருந்துச்சு,” என்றேன்.

மீனா அந்தப் பதிவேட்டின் அச்சுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதிவேடு நம்மளக் காப்பாத்துது. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றார். “இது நம்ம பக்கத்துப் பதிவு அக்கா. அவங்க பக்கத்துல என்ன இருக்குன்னு நாம பாக்கவே இல்லையே.”

அன்றே குருபோங் போனோம். தமயந்தி மேசையிலிருந்து எழுந்து எங்களுக்கு இடம் விட்டார். அந்தக் கணினியிலும் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு பதிவு வைத்திருந்தது. மீனா அதைத் தேடி எடுத்தார். விரலை ஒரு வரியில் வைத்தார். என் பெயரில் வந்த இணைப்பு முடிந்த நேரம், நான்கு இருபத்தைந்து.

“நம்ம பக்கம் நாலு பத்து. இவங்க பக்கம் நாலு இருபத்தஞ்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பதினஞ்சு நிமிஷம் நீங்க இங்க இருந்திருக்கீங்க அக்கா. உங்களுக்கே தெரியாம.”

அந்த இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாள் அலுவலகத்தில் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. இரண்டு கணினியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றைக் குருபோங் என்று வைத்துக்கொண்டோம். நான் அம்பு விசையை அழுத்திப் பிடிப்பேன். மீனா கேபிளைப் பிடுங்குவார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும். ஒன்றும் ஆகவில்லை. முப்பது முறைக்கு மேல் செய்திருப்போம். கணினியிலிருந்து கேபிளைப் பிடுங்கினால் மென்பொருள் உடனே தெரிந்துகொண்டு எல்லா விசையையும் விடுவித்துவிடுகிறது. அதை எழுதியவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு ஒன்று தோன்றியது. “மீனா, அன்னிக்கு யாரும் கேபிளப் பிடுங்கலையே. இடி இடிச்சு நடுவுலதானே லைன் போச்சு?”

மீனா என்னைப் பார்த்தார். எழுந்து போய், குருபோங்காக வைத்திருந்த கணினியை வேறொரு மோடத்தில் மாட்டினார். “நீங்களே பிடுங்குங்க,” என்று எங்கள் மோடத்தின் தொலைபேசிக் கம்பியைக் காட்டினார். இடது கையால் அம்பு விசையை அழுத்திக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடுங்கினேன். விசையிலிருந்து கையை எடுத்தேன். மீனா மற்ற கணினிக்குப் போய், தமயந்தி செய்திருக்கக்கூடியது போலவே, ஒரு நோயாளியின் மாதிரிப் பக்கத்தைத் திறந்தார். பக்கம் திறந்ததும் குறி தானாகவே முதல் கட்டத்தில் போய் உட்காரும். முதல் கட்டம், உலர் எடை.

61.5 என்றிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. 61.4. 61.3. 61.2. எண்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயின. மீனா அச்சு விசையை அழுத்தினார். நின்றது.

நான் கையை எடுத்துவிட்டேன் என்ற செய்தி குருபோங்கைப் போய்ச் சேரவே இல்லை. நடுவழியில் லைன் செத்துவிட்டது. இணைப்பு போய்விட்டது என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. என் விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டு காத்திருந்தது. தமயந்தி பக்கத்தைத் திறந்து, நோயாளியிடம் நலம் விசாரித்துக்கொண்டே அச்சு விசையை அழுத்திய அந்த ஒன்றிரண்டு நொடியில் ஒன்றரை கிலோ இறங்கிவிட்டது. அச்சு விசை அழுந்தியதும் நின்றுவிட்டதால் அடுத்து வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீனா மென்பொருளின் வரிகளைத் திறந்தார். மதியச் சாப்பாட்டை மறந்து படித்தார். மூன்று மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டு, “பாருங்க. இணைப்பு முடிஞ்சா விசைகளை விடுவின்னு இங்க எழுதியிருக்கு. முடியாமலே சத்தம் இல்லாமப் போயிட்டா என்ன செய்யணும்னு எங்கயுமே எழுதல,” என்றார். எனக்கு அந்த மொழி முழுக்கப் புரியாது. ஆனால் இல்லாத ஒரு வரியின் இடத்தை அவர் விரலால் காட்டியபோது எனக்கும் அது தெரிந்தது.

“எனக்குப் புரியிற மாதிரி இன்னொருவாட்டி சொல்லுங்க. அழுத்துனது என் விரல். தலைவர்கிட்ட நான்தானே சொல்லணும்?” என்றேன்.

“இல்ல. நாம,” என்றார் மீனா.

செயற்குழு கூடியது. தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு பக்கம். நாங்கள் ஒரு பக்கம். தமயந்தி தனியாக ஓரத்தில். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனா இரண்டு கணினியையும் அங்கேயே மேசைமேல் வைத்து, கம்பியை என்னையே பிடுங்கச் சொல்லி, எண் இறங்குவதைக் காட்டினார். பிறகு எழுந்து நின்று, “மிஸ்ஸி தமயந்தி எந்தத் தப்பும் செய்யல. இது எங்க பிரிவோட தப்பு. இதைத் தேர்ந்தெடுத்தது நான்,” என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படின்னா இந்த இலவசச் சரக்கைத் தூக்கிப் போட்டுட்டு, நல்ல கம்பெனியாப் பாத்து வாங்குங்க.”

“வாங்கலாம் டத்தோ. அதுலயும் இதே தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ள பாக்க விடமாட்டாங்க. இன்னைக்கு மிஸ்ஸி மேல பழி இல்லன்னு நான் சொல்றேன்னா, அது இதைத் திறந்து படிக்க முடிஞ்சதாலதான்.”

தலைவர் நல்ல மனிதர். சரியாகும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றும், சரியான பிறகு திரும்ப வந்து இதே மேசையில் செய்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். தமயந்தியிடம் வருத்தம் தெரிவித்தார்.

வெளியே படிக்கட்டில் தமயந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒம்போது நாளா நான்தான் அழுத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், அஞ்சல. சமைக்கிறப்போ, துணி மடிக்கிறப்போ, இந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தேன். முப்பது வருஷம் ஊசி போட்ட கை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் அப்படியே செத்திருப்பேன்.”

“மன்னிச்சுடுங்க மிஸ்ஸி,” என்றேன்.

மீனா அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினார். என்ன நடந்தது, எப்படிச் செய்து பார்த்தோம், எந்த இடத்தில் வரி இல்லை, எல்லாவற்றையும். ஒரு நோயாளி மயங்கி விழுந்தார் என்பதையும் ஒரு வரியில் எழுதினார். மறுநாளே பதில் வந்தது. ஏதோ பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒருவர். அவர் கேட்டதெல்லாம் வேலையைப் பற்றித்தான். எந்த மோடம், எத்தனை நொடி, எந்த விசை, வேறு விசையில் செய்து பார்த்தீர்களா. நான் செய்து பார்த்து எண்ணை எழுதுவேன், மீனா அனுப்புவார். அவர் ஒரு திருத்தம் அனுப்புவார். நான் கம்பியைப் பிடுங்குவேன். இன்னும் ஒரு விசை மாட்டிக்கொள்கிறது என்று எழுதுவோம். அவர் மறுபடியும் அனுப்புவார். அலுக்கவே இல்லை அவருக்கு. சம்பளம் கொடுக்காத, முகம் தெரியாத, மலாக்கா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு ஆள் எங்களுக்காக அப்படி உட்கார்ந்து வேலை செய்தார். அந்த நாட்களில் நான் பழையபடி மோட்டார் சைக்கிளில் நான்கு மையத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட அதற்காக வருந்தவில்லை.

கடைசியில் நூறு முறை பிடுங்கியும் எண் அசையவில்லை. செயற்குழு மேசையில் செய்து காட்டினோம். மீண்டும் அனுமதி கிடைத்தது. அப்போது மீனா நடைமுறைத் தாளில் சேர்த்ததுதான் கவிதா கேட்ட அந்தக் கடைசி வரி. மென்பொருள் சரியாகிவிட்டாலும், வேறு ஒரு விசை மனிதக் கையால் அழுத்தப்பட்டால் எது மாட்டியிருந்தாலும் நின்றுவிடும் என்பதற்காக.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆறுமுகத்தைப் பார்க்க மீனா தானும் வருவதாகச் சொன்னார். நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

குருபோங் மையத்தில் சன்னலோரம் அவர் நாற்காலி. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

“நீதானா அது?” என்றார். “அன்னைக்கு நான் போயிட்டேன்னுதான் நெனச்சேன்மா. பிள்ளைங்க பேருகூட ஞாபகத்துக்கு வரல. அந்த மிஸ்ஸி என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்க, அதப் பிடிச்சுக்கிட்டுதான் வந்தேன்.”

பக்கத்து முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“எப்படி ஆச்சுன்னு இன்னொருவாட்டி சொல்லு. மெதுவா.”

சொன்னேன். கையை எடுத்த பிறகும் விசை அழுத்தியபடியே இருந்ததைச் சொன்னதும் தலையை ஆட்டினார். “எக்சிலேட்டர் வயரு மாட்டிக்கிச்சு,” என்றார். “எனக்கு ஆயிருக்கு. ஜாசின் ரோட்டுல, இறக்கத்துல, லாரி நிறைய மணலு. காலை எடுத்துட்டேன், வண்டி கேக்கல. சாவியத் திருப்பி எஞ்சின அணைச்சு ஓரமா விட்டேன். மொதலாளி லாரிய மாத்தல, வயர மாத்துனாரு.” செயற்குழுவில் ஒரு மணி நேரம் விளக்கியது அவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

“இதச் சரி பண்ணுனது யாரு? நீங்களா?”

மென்பொருளை எழுதியவர்களைப் பற்றியும், அந்த வெளிநாட்டு ஆளைப் பற்றியும் சொன்னேன்.

“அவருக்கு என்னப் பத்தித் தெரியுமா?”

“ஒரு ஆளு மயங்கி விழுந்தாருன்னு மட்டும் எழுதினோம். நோயாளி பேரெல்லாம் வெளிய சொல்லக் கூடாது.”

“பேரு கெடக்கட்டும். அந்த ஆளு பொழைச்சாரா இல்லையான்னு எழுதுனீங்களா?”

எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

“எழுதுமா,” என்றார் ஆறுமுகம். “நல்லா இருக்காரு, வீட்டுக்கு வந்துட்டாரு, சாப்பிடுறாருன்னு எழுது. பாவம், அவனும் அங்க உக்காந்து யோசிச்சுக்கிட்டிருப்பான்.”

அன்றைக்கே எழுதினேன். அதுவரை மீனாதான் எழுதிவந்தார். இதை நானே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். நான்கு வரி. அவர் சொன்னதை அப்படியே.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதை அச்சடித்துக் குருபோங்குக்குக் கொண்டுபோய், ஆறுமுகத்தின் பக்கத்தில் நின்று தமிழில் வாசித்தேன். விசைகளை விடுவிக்கும் அந்தப் பகுதியைப் பல வருடங்களுக்கு முன், மாணவனாக இருந்தபோது, தானேதான் எழுதியதாக அவர் எழுதியிருந்தார். எங்கள் முதல் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்க நினைத்ததாகவும், ஒவ்வொரு முறையும் பயந்து வேலையைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பியதாகவும் எழுதியிருந்தார். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

ஆறுமுகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த தமயந்தியும் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

“அவனும் யோசிச்சுக்கிட்டிருப்பான்னு நான் சொன்னேன்ல,” என்றார் ஆறுமுகம், தமயந்தியிடம் கையை நீட்டிக்கொண்டே.